மிரட்டப்பட்டவன் சொல்லும் பொய்: துப்பறியும் கதையில் நிர்ப்பந்தமும் அறச்சிக்கலும்

ஒரு துப்பறியும் கதையைப் படித்து முடித்தவரிடம், "அந்த டிரைவர் ஏன் பொய் சாட்சி சொன்னான்?" என்று கேட்டுப் பாருங்கள். "அவனை மிரட்டினாங்க, சொல்லிட்டான்" என்று பதில் வரும். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். "அவனுக்கு என்ன அறச்சிக்கல்?" என்று கேட்டால், "நல்லவனா இருக்கறதா, கெட்டவனா மாறறதான்னு தவிக்கிறான்" என்பார்கள். எழுத வருகிற இளைஞர்களும் இந்த இரண்டு பதில்களை நம்பித்தான் கதையைக் கட்டுகிறார்கள். முதல் பதிலில் மிரட்டப்பட்டவன் கயிறு கட்டிய பொம்மையாகிவிடுகிறான். இரண்டாவதில் அறச்சிக்கல் வெறும் சபலமாகச் சுருங்கிவிடுகிறது.

நகரி, புத்தூர், பள்ளிப்பட்டு, திருத்தணி என்று ஆந்திர எல்லையின் இரு பக்கமும் வாழும் நமக்கு இது கதையோடு நிற்கிற விஷயம் இல்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லித் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேரை ஆந்திராவின் செம்மரக் கடத்தல் தடுப்பு அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. அப்போது ஊரில் நடந்த பேச்சை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் "கடத்தல்காரனுக்கு இதுதான் கதி", இன்னொரு பக்கம் "ஒண்ணுமே தெரியாத அப்பாவிகள்". முன்பணம், கடன், வேலைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி, குடும்பம் என்று நாலா பக்கமும் நெருக்கப்பட்ட ஒரு மனிதன் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கலாம் என்று யோசிக்கவே நமக்குப் பழக்கமில்லை. அந்தப் பழக்கத்தைத் தரக்கூடியது நல்ல குற்றக் கதை. அதனால்தான் நிர்ப்பந்தம், அறச்சிக்கல் என்ற இரண்டு கருத்துகளையும் அடியிலிருந்து விளக்க நினைக்கிறேன்.

## அடைக்கப்பட்ட வழிகள்

நகரியிலிருந்து திருத்தணிக்குப் போக வேண்டும். நெடுஞ்சாலையில் நேராகப் போகலாம். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை வழியாகச் சுற்றியும் போகலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிருஷ்ணாபுரம் அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தரைப்பாலங்கள் மூழ்கிவிடும். அப்போது ஒரு வழி அடைபடுகிறது. அது கஷ்டம்தான், ஆனால் அதை யாரும் உங்களைக் குறிவைத்துச் செய்யவில்லை.

இப்போது வேறு மாதிரி வைத்துக்கொள்வோம். நெடுஞ்சாலை தொடங்கும் இடத்தில் ஒருவன் இரும்புத் தடியோடு நிற்கிறான். "இந்தப் பக்கம் போனா கால் இருக்காது. தரைப்பாலத்து வழியாவே போ" என்கிறான். நெடுஞ்சாலை எங்கும் போய்விடவில்லை, நீங்கள் இப்போதும் அதில் போகலாம். ஆனால் அதில் போக இப்போது ஒரு கால் விலையாகக் கேட்கப்படுகிறது.

இதுதான் நிர்ப்பந்தம். ஒருவர் தனக்கு வேண்டிய வழியில் உங்களைப் போகவைப்பதற்காக, மற்ற வழிகளின் விலையை வேண்டுமென்றே ஏற்றிவிடுவது. மூன்று விஷயம் சேர்ந்திருக்க வேண்டும்: அதைச் செய்கிற ஆள், அவருடைய நோக்கம், அவர் உங்களைத் தள்ள விரும்பும் வழி. மழைக்கு இதில் ஒன்றும் கிடையாது.

இதையும் பலவந்தத்தையும் குழப்பக் கூடாது. நாலு பேர் உங்களைத் தூக்கி ஆற்றில் போட்டால், நீங்கள் எதையும் செய்யவில்லை. உங்கள் மேல் ஒன்று செய்யப்பட்டது, அவ்வளவுதான். அது பலவந்தம். அங்கே முடிவெடுக்க உங்களுக்கு எதுவும் இல்லை. நிர்ப்பந்தத்தில் கடைசி அடியை எடுத்து வைப்பது நீங்கள்தான். தரைப்பாலத்தில் வண்டியை இறக்கியது உங்கள் கை. மிரட்டப்பட்டவனுக்கு வருஷக்கணக்கில் தூக்கம் வராததற்குக் காரணமே இந்தக் கடைசி அடிதான். கதாசிரியர் இதைத் தவறவிட்டால் மீதி எதுவும் நிற்காது.

இதுவரை: நிர்ப்பந்தம் தேர்வை அழிப்பதில்லை, தேர்வுகளின் விலையை மாற்றுகிறது. அதனால் மிரட்டப்பட்டவனுக்குக் கொஞ்சமாவது பொறுப்பு மிஞ்சுகிறது. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

## ஒரு கதையை வைத்துப் பேசுவோம்

விளக்கத்துக்காக ஒரு கதையை உண்டாக்கிக்கொள்கிறேன். ஊர் நிஜம், ஆட்கள் கற்பனை.

நகரியில் விசைத்தறிக்காரர்களுக்கு வட்டிக்குப் பணம் கொடுக்கும் சபாபதி ஒரு மழை இரவில் தன் நூல் குடோனில் கொலையாகிக் கிடக்கிறார். இரண்டு நாள் முன்னால் அவரோடு கடனுக்காகச் சண்டை போட்ட தறித் தொழிலாளி பழனியைப் போலீஸ் பிடிக்கிறது. "அன்னிக்கு ராத்திரி நான் ஊர்லயே இல்ல. மாமியார் வீட்டுக்குப் போகக் குமரேசன் வண்டியில ஏறினேன். தரைப்பாலத்துல தண்ணி. விடியற வரைக்கும் வண்டியிலயேதான் இருந்தோம்" என்கிறான் பழனி. குமரேசன் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுபவன். அவனைக் கேட்டால், "நான் அன்னிக்கு வண்டியே எடுக்கல சார்" என்கிறான்.

பழனி சொன்னதுதான் உண்மை. ஆனால் அந்த இரவு குமரேசன் வண்டியில் துண்டுத் துணி பேல்களுக்கு அடியில் செம்மரக் கட்டை இருந்தது. பழனிக்கு அது தெரியாது. ஏற்றிவிட்டவர் மேஸ்திரி முனிரத்தினம். குமரேசனின் தம்பி சீனு போன கோடையில் முன்பணம் வாங்கிக்கொண்டு மரம் வெட்ட மலைக்குப் போனவன். அவன் கோடாலியோடு நிற்கும் போட்டோ மேஸ்திரியின் போனில் இருக்கிறது. கொலை நடந்த மறுநாள் மேஸ்திரி குமரேசன் வீட்டுக்கு வருகிறார். டீ குடிக்கிறார்.

"சீனு எப்படிப்பா இருக்கான்? காலேஜ் போறானாமே? நல்ல பையன். அவன் பேரு எங்கயும் வராம நான் பார்த்துக்கறேன். நீயும் அன்னிக்கு ராத்திரி வீட்லதான் இருந்த, இல்ல?"

எழுந்து போய்விடுகிறார்.

## மிரட்டல் எப்படி வேலை செய்கிறது

அந்தப் பேச்சில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. யாராவது பதிவு செய்திருந்தால்கூட, அக்கறையாக விசாரித்தார் என்றுதான் தோன்றும். சினிமா பார்த்துப் பழகியவர்கள் மிரட்டல் என்றால் கத்தியும் உரத்த குரலும் என்று நினைக்கிறார்கள். உண்மையில், பலமான பிடி உள்ளவர் குரலை உயர்த்த வேண்டிய அவசியமே இல்லை. குரல் உயர்ந்தால் பிடி தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எழுதும்போது இதை நினைவில் வையுங்கள்: கதை முன்னேற முன்னேற மேஸ்திரி சத்தம் போட ஆரம்பித்தால், அவருக்குப் பயம் வந்துவிட்டது என்று வாசகருக்குப் புரிய வேண்டும்.

மிரட்டல் பலிக்க வேண்டுமானால், சொன்னதைச் செய்வார் என்ற நம்பிக்கை மிரட்டப்பட்டவனுக்கு இருக்க வேண்டும். மேஸ்திரியிடம் போட்டோ இருக்கிறது. அதிரடிப்படைக்கு ஒரு போன் போட்டால் போதும். அதேபோல, பணிந்துபோனால் விட்டுவிடுவார் என்ற நம்பிக்கையும் வேண்டும். இந்த இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எப்படியும் சீனுவைப் பிடித்துக் கொடுத்துவிடுவார் என்று தெரிந்தால் குமரேசன் ஏன் பொய் சொல்ல வேண்டும்? கதையில் வில்லன் காரணமில்லாமல் வாக்கு மீறிக்கொண்டே இருந்தால், அவனுடைய அடுத்த மிரட்டலுக்கு யாரும் பணிய மாட்டார்கள். மிரட்டுபவருக்கு ஒரு வகை நாணயம் தேவைப்படுகிறது. கசப்பான உண்மை, ஆனால் கதை நம்பும்படி இருக்க இது வேண்டும்.

இங்கே இன்னொன்றும் இருக்கிறது. குற்றம் நடந்ததைப் போலீசில் சொல்வது சட்டப்படி தப்பில்லை. மேஸ்திரி செய்யப்போவதாகச் சொல்லாமல் சொன்னது அதைத்தான். அப்புறம் அது எப்படி மிரட்டலாகிறது? சொல்வதால் இல்லை, சொல்லாமலிருக்க விலை கேட்பதால். தம்பியின் பெயரும் அண்ணனின் சாட்சியும் ஒரே தராசில் வைக்கப்பட்ட அந்த நொடியில் அது நிர்ப்பந்தம் ஆகிவிடுகிறது.

## பிடி மாறும் இடம்

என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தில் மிகவும் கூர்ந்து பார்க்க வேண்டிய பகுதி இதுதான். குற்றக் கதைகள் இதைத்தான் அவசரமாகத் தாண்டிப் போகின்றன.

முதல் நாள் மேஸ்திரியின் கையில் இருந்த பிடி சீனுவின் போட்டோ. குமரேசன் போலீசிடம் பொய் சொன்ன அடுத்த நாள் அவர் கையில் புதிதாக ஒன்று சேர்ந்துவிட்டது: குமரேசன் சொன்ன பொய். இனி போட்டோ இல்லாமலே மிரட்டலாம். "கொலைக் கேஸுல பொய் சொன்னவன் நீ. பழனிக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?" பணிந்த ஒவ்வொரு தடவையும் அடுத்த மிரட்டலுக்கான பொருளை மிரட்டப்பட்டவனே செய்து கொடுக்கிறான். இரண்டாவது வாரம் மேஸ்திரி இன்னொரு லோடு எடுக்கச் சொல்கிறார். குமரேசன் எடுக்கிறான். மூன்றாவது தடவை சொல்ல வேண்டிய தேவைகூட இருக்காது.

முன்பணத்தின் வேலையும் இதுதான். கொடுக்கும்போது உதவி மாதிரி இருக்கும். கையில் வாங்கிய பிறகு, வாங்கியதே பிடியாகிவிடும். 1976-ல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தபோது, முன்பணத்துக்காக உழைப்பைக் கட்டிப்போடுவதைத் தடை செய்ததோடு அந்தக் கடன்களையே செல்லாமல் ஆக்கினார்கள். கடனை விட்டுவைத்தால் பிடியை விட்டுவைத்த மாதிரி என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1982-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டட வேலைகள் நடந்தபோது, தொழிலாளர்களுக்குச் சட்டப்படியான கூலி கிடைக்கவில்லை என்று வழக்கு வந்தது. வறுமையால் வேறு வழியில்லாமல் குறைந்த கூலிக்கு ஒத்துக்கொள்வதும் கட்டாய உழைப்புதான் என்றது நீதிமன்றம். தடி வேண்டாம், மற்ற வழிகள் அடைபட்டிருந்தாலே போதும்.

அதனால் கதையில் நிர்ப்பந்தத்தை ஒரே காட்சியில் காட்டி முடிக்காதீர்கள். முதல் பணிவு சின்னதாக இருக்கட்டும். "வண்டி எடுக்கல" என்ற ஒரே ஒரு வாக்கியம். அது எப்படிப் பெருகுகிறது என்பதில்தான் பயம் இருக்கிறது.

இதுவரை: மிரட்டல் பலிக்க இரண்டு பக்க நம்பிக்கை வேண்டும். பணிவு ஒவ்வொன்றும் புதிய பிடியாக மாறும். ஆரம்பத்தில் இருந்த காரணம் மறைந்தாலும் பிடி மறையாது.

## துப்பு எங்கே கிடைக்கிறது

மர்மக் கதைக்கு இதனால் என்ன பயன்? நிர்ப்பந்தம் தன்னைத் தானே மறைத்துக்கொள்ளும் குற்றம். மிரட்டப்பட்டதைச் சொன்னால் மிரட்டல் நிறைவேறிவிடும், அதனால் பாதிக்கப்பட்டவனே அதைப் பூட்டி வைக்கிறான். வாசகருக்கு முதலில் தெரிவது விளைவு, அதாவது ஒரு பொய். காரணம் கடைசியில்தான் தெரியும். நடுவில் இருக்கும் தூரம்தான் மர்மம்.

ஆனால் வாசகரை ஏமாற்றக் கூடாது. துப்பு முன்னாலேயே இருக்க வேண்டும். நிர்ப்பந்தத்தில் சொன்ன பொய்க்கு ஒரு தனி அடையாளம் உண்டு: அது சொல்கிறவனுக்கே நஷ்டம் தரும். சாதாரணப் பொய்யன் லாபத்துக்காகவோ தப்பிக்கவோ பொய் சொல்கிறான். குமரேசனின் பொய்யைப் பாருங்கள். அன்று ராத்திரி துண்டு பேல் ஏற்றியது நிஜமான வாடகை. வண்டியே எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டதால் தறி முதலாளியிடம் அந்த வாடகையைக் கேட்கவே முடியாது. மாசக் கடைசியில் வண்டிக்குத் தவணை கட்டக் கஷ்டப்படுகிறவன், வரவேண்டிய வாடகையை விட்டுவிடுகிறான். மேலும் பழனி அவனுக்குச் சின்ன வயதுச் சிநேகிதன். பணமும் போய், சிநேகிதனும் போகிற மாதிரி ஒரு பொய்யை எவன் தன் இஷ்டத்துக்குச் சொல்வான்?

நல்ல துப்பறிவாளர் "இவன் ஏன் பொய் சொல்கிறான்?" என்று குமரேசனை உலுக்க மாட்டார். "இந்தப் பொய்யால் யாருக்கு லாபம்?" என்று வேறு பக்கம் திரும்பிப் பார்ப்பார். தறி முதலாளியின் கணக்குப் பிள்ளை, "குமரேசன் இன்னும் வாடகை வாங்க வரலையே" என்று மூன்றாம் அத்தியாயத்தில் போகிற போக்கில் சொல்லட்டும். வாசகர் அதைத் தாண்டிப் போய்விடுவார். பத்தாம் அத்தியாயத்தில் நினைவுக்கு வரும்.

போலீஸ் நிலையத்திலும் ஒரு நிர்ப்பந்தம் நடக்கிறது. பழனியை அடித்து, கொலை செய்ததாக ஒப்புக்கொள்ளவைக்கிறார்கள். எழுதியது தெலுங்கில். பழனிக்குத் தெலுங்கு சரளமாகப் பேச வரும், படிக்க வராது. நம் பக்கத்தில் இப்படி எத்தனையோ பேர். கீழே கையெழுத்துப் போடுகிறான். பல கதைகள் இங்கே "கேஸ் முடிந்தது" என்று எழுதிவிடுகின்றன. அது தவறு. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம், அதாவது குற்றத்தைத் தானே செய்ததாக ஒருவர் சொல்வது, அவருக்கு எதிராக நீதிமன்றத்தில் செல்லாது. 1872-ன் சாட்சியச் சட்டமும் அப்படித்தான் சொன்னது, அதன் இடத்தில் வந்த 2023-ன் பாரதிய சாட்சிய அதிநியமும் அப்படியே சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்ட யாரையும் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 20(3) பிரிவு இருக்கிறது. மாஜிஸ்திரேட் முன்னால் சொல்வது வேறு. அவர், "நீ சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சொன்னால் உனக்கு எதிராகப் பயன்படலாம்" என்று முதலில் எச்சரித்து, தானாக முன்வந்துதான் சொல்கிறான் என்று திருப்தியான பிறகே பதிவு செய்ய வேண்டும். நிர்ப்பந்தத்தில் வந்த வார்த்தையின் மேல் சட்டத்துக்கு எவ்வளவு சந்தேகம் என்பதைக் காட்ட ஒரு கதாசிரியருக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது.

## அறச்சிக்கல் என்றால் என்ன

சரி, இப்போது இரண்டாவது கருத்து. இனிப்புச் சாப்பிடக் கூடாது என்று தெரிந்தும் கை போனால் அது சபலம். எது சரி என்று தெரியும், மனம்தான் இணங்கவில்லை. அறச்சிக்கல் வேறு. இரண்டு கடமைகள், இரண்டும் உண்மையானவை, இரண்டையும் சேர்த்து நிறைவேற்ற முடியாது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் இன்னொன்று கடனாக மிஞ்சும்.

குமரேசனுக்குள் இருப்பது தம்பியைக் காப்பாற்றும் கடமையும், செய்யாத கொலைக்குச் சிறை போகும் சிநேகிதனைக் காப்பாற்றும் கடமையும். ஆனால் ஒருவன் மனதுக்குள்ளேயே இதை வைத்திருந்தால் பக்கம் பக்கமாக யோசனை எழுத வேண்டியிருக்கும். ஒவ்வொரு கடமைக்கும் ஒரு குரல் கொடுத்து, இரண்டு பாத்திரங்களாக எதிரெதிரே நிறுத்துவது நல்ல வழி. குமரேசனையும் சீனுவையும் அம்மா இல்லாமல் வளர்த்த அக்கா செல்வி ஒரு பக்கம். பழனியின் அம்மா கனகம்மா இன்னொரு பக்கம்.

"பழனிக்கு வக்கீல் வெப்போம் குமரேசா, என் கம்மலை வித்துத் தர்றேன். ஆனா சீனு பேரு வெளிய வரக் கூடாது. அவங்க புடிச்சா கோர்ட்டுக்குத்தான் கொண்டு போவாங்கன்னு உனக்கு நிச்சயமா தெரியுமா? காட்டுல என்ன நடந்துச்சுன்னு நீயும்தானே பேப்பர்ல பார்த்த?" என்கிறாள் செல்வி.

கனகம்மா அவன் வீட்டு வாசலில் நின்று, "தம்பி, என் புள்ள உன் வண்டியிலதான் வந்தான்னு சொல்றான். அவன் பொய் சொல்றானா, நீ சொல்றியா? அதை மட்டும் சொல்லு, நான் போயிடறேன்" என்கிறாள்.

இருவரில் யார் தப்பு? யாரும் இல்லை. செல்வியைச் சுயநலக்காரியாக எழுதிவிட்டால் சிக்கல் அவிழ்ந்து சபலமாகிவிடும். அவளுடைய பயத்துக்கு இந்த ஊர் வரலாற்றில் காரணம் இருக்கிறது. கனகம்மாவை வெறும் அழுகைப் பாத்திரமாக எழுதினாலும் அதே கதிதான். அவள் பரிதாபம் கேட்கவில்லை, உண்மையைக் கேட்கிறாள். வாசகர் செல்வியின் அத்தியாயத்தைப் படிக்கும்போது செல்வி பக்கமும், கனகம்மாவின் அத்தியாயத்தில் கனகம்மா பக்கமும் சாய வேண்டும். சாயவில்லை என்றால் யாரோ ஒருவருக்கு நீங்கள் நியாயம் செய்யவில்லை.

நிர்ப்பந்தமும் அறச்சிக்கலும் சேரும் இடமும் இதுதான். மிரட்டுகிறவர் புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. குமரேசனுக்குத் தம்பி மேல் இருக்கிற பாசம் ஏற்கனவே இருந்தது. பழனியோடு இருந்த சிநேகமும் இருந்தது. இரண்டும் ஒன்றை ஒன்று உரசாமல் இத்தனை வருஷம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மேஸ்திரி செய்ததெல்லாம் அவை மோதும்படி வைத்ததுதான். ஒருவனிடம் உள்ள நல்ல குணத்தைப் பிடித்துத்தான் அவனை வளைக்க முடிகிறது. யார் மேலும் பாசமில்லாதவனை மிரட்டுவது மிகக் கஷ்டம்.

இதுவரை: சபலத்தில் ஒரு சரி, ஒரு ஆசை. அறச்சிக்கலில் இரண்டு சரி. நிர்ப்பந்தம் அந்த இரண்டையும் மோதவைக்கிறது.

## சட்டம் எங்கே கோடு போடுகிறது

மிரட்டலுக்குப் பயந்து செய்தால் சட்டம் விட்டுவிடும் என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதற்கு அடிப்படை இருக்கிறது, ஆனால் மிகக் குறுகலான அடிப்படை. 1860-ன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 94ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 32ஆம் பிரிவாக வந்திருக்கிறது. செய்யாவிட்டால் அந்த இடத்திலேயே உயிர் போகும் என்று நியாயமாகப் பயந்து ஒருவர் செய்த செயல் குற்றமாகாது. கொலையும், மரண தண்டனைக்குரிய அரசுக்கு எதிரான குற்றங்களும் இந்தச் சலுகையில் சேராது. தானாக விரும்பி அந்த ஆபத்தில் போய் மாட்டிக்கொண்டவருக்கும் கிடையாது.

சட்டமே ஒரு எடுத்துக்காட்டுத் தருகிறது. கொள்ளைக்காரர்கள் ஒரு கொல்லரைப் பிடித்து, உடனே கொன்றுவிடுவோம் என்று மிரட்டி, அவருடைய கருவிகளாலேயே ஒரு வீட்டின் கதவை உடைக்கவைக்கிறார்கள். அந்தக் கொல்லர் தப்பிக்கலாம். அடிப்பார்கள் என்று பயந்து கொள்ளைக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டவர் தப்பிக்க முடியாது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அந்தக் கொல்லர் சட்டப் புத்தகத்தில் நின்றுகொண்டிருக்கிறார். குற்றக் கதை எழுதுகிற ஒவ்வொருவரும் அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

குமரேசனை அவர் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். அவன் கழுத்தில் கத்தி இல்லை. ஆபத்து அவனுக்கு இல்லை, தம்பிக்கு. உடனே நடக்கப்போவதும் இல்லை, எப்போதோ ஒரு நாள். அதனால் சட்டம் அவனை மன்னிக்காது. ஆனால் அதே சட்டம் மேஸ்திரியைப் பார்க்கும்போது வேறு மாதிரி பேசுகிறது. பொய் சாட்சி சொல்லவைக்க ஒருவரை மிரட்டுவது 232ஆம் பிரிவின்படி ஏழு வருஷம் வரை சிறைக்குரிய குற்றம். அவருக்கு வேண்டியவருடைய உடலுக்கோ பெயருக்கோ கேடு செய்வதாக மிரட்டினாலும் அது பொருந்தும். தம்பியைக் காட்டி அண்ணனை மிரட்ட முடியும் என்பது சட்டத்துக்குத் தெரியும். மிரட்டியவரைத் தண்டிக்க அந்த அறிவைப் பயன்படுத்துகிறது. மிரட்டப்பட்டவனை விடுவிக்கப் பயன்படுத்துவதில்லை.

இந்த இடைவெளியில்தான் உங்கள் கதை இருக்கிறது. சட்டம் குற்றவாளி என்கிறது, வாசகர் மனம் முழுதாக ஒத்துக்கொள்ள மறுக்கிறது. கொல்லரின் கதையில் இந்த இழுபறி கிடையாது, எல்லோரும் அவரை மன்னித்துவிடுவார்கள். அதனால் உங்கள் பாத்திரத்தின் கழுத்தில் அவசரப்பட்டுக் கத்தியை வைக்காதீர்கள். ஆபத்து பெரிதாகப் பெரிதாகக் கதை சூடாகும் என்பது தப்புக் கணக்கு. ஒரு அளவைத் தாண்டினால் தேர்வே இல்லாமல் போய், சிக்கலும் போய்விடும்.

## சங்கிலியில் மேலே போனால்

மேஸ்திரியும் தனி ஆள் இல்லை. அவர் கொடுக்கும் முன்பணம் அவருடையது இல்லை. சபாபதியின் கூட்டாளி தர்மலிங்கத்தின் பணம். லோடு பிடிபட்டால் நஷ்டம் மேஸ்திரி தலையில் விழும். "குமரேசன் வாயைத் திறக்காம பார்த்துக்கோ" என்று தர்மலிங்கம் சொன்னால் மேஸ்திரியால் மறுக்க முடியாது. அவரும் நிர்ப்பந்திக்கப்பட்டவர்தான்.

இங்கே எழுதுகிறவர்கள் ஒரு பள்ளத்தில் விழுகிறார்கள். எல்லோரும் யாரோ ஒருவருக்குக் கட்டுப்பட்டவர்கள், அதனால் யாரையும் குறை சொல்ல முடியாது என்று கதையைக் கரைத்துவிடுகிறார்கள். அது கருணை மாதிரி தெரியும், ஆனால் பழனிக்கு அது அநியாயம். சங்கிலியில் மேலே ஏற ஏற ஒன்றை அளந்து பாருங்கள்: இவர் மறுத்திருந்தால் என்ன இழந்திருப்பார்? சீனுவுக்குக் குடும்பத்தின் கடன் தீராமல் போயிருக்கும். குமரேசனுக்குத் தம்பி. மேஸ்திரிக்குத் தொழிலும் ஒருவேளை வீடும். தர்மலிங்கத்துக்கு? செம்மரத்துக்குப் பணம் போடாமல் இருந்திருந்தால் கொஞ்சம் லாபம் குறைந்திருக்கும். தன் பணமும் அதில் போவதைச் சபாபதி கண்டுபிடித்தபோது கொல்லாமல் இருந்திருந்தால் பெயர் கெட்டிருக்கும். அவ்வளவுதான். மறுக்கும் விலை மேலே போகப் போகக் குறைந்துகொண்டே வருகிறது.

யார் கொலையாளி என்ற மர்மத்தின் விடையும் யார் பொறுப்பு என்ற கேள்வியின் விடையும் இப்படி ஒரே ஆளிடம் வந்து நிற்கும்போது கதை முழுமையாகிறது. வெறும் ரேகையும் செல்போன் டவரும் மட்டும் தர்மலிங்கத்தைக் காட்டிக்கொடுத்தால் புதிர் அவிழும், மனம் அவிழாது.

## எப்போது வாய் திறக்க வேண்டும்

கடைசியாக, முடிவைப் பற்றி. சிக்கலில் மாட்டிய பாத்திரத்தை அதிர்ஷ்டத்தால் காப்பாற்ற வேண்டாம். மேஸ்திரியின் போன் ஆற்றில் விழுந்து போட்டோ அழிந்துபோவது, சீனு வெளிநாடு போய்விடுவது, மேஸ்திரி மாரடைப்பில் சாவது, இதெல்லாம் வாசகர் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொள்வது. சீனுவே வந்து "அண்ணா, நான் சரணடையறேன், நீ உண்மையைச் சொல்லிடு" என்று சொல்வது கொஞ்சம் மேல், அவனிடம் இதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதுவும் குமரேசனின் சுமையை வேறொருவர் இறக்கி வைக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. சீனு என்ன சொல்வான் என்று தெரியாத நிலையில்தான் குமரேசன் முடிவெடுக்க வேண்டும்.

அதைவிட முக்கியம் காட்சிகளின் வரிசை. துப்பறிவாளர் வாடகைக் கணக்கைப் பிடித்து, துண்டு பேல் போன வழியைக் கண்டுபிடித்து, குமரேசன் முன்னால் வந்து உட்கார்ந்த பிறகு அவன் உண்மையைச் சொன்னால், அது மாட்டிக்கொண்டவன் வார்த்தை. அப்போது மௌனத்துக்கும் விலை இல்லை, பேச்சுக்கும் விலை இல்லை. அதனால் கணக்குப் பிள்ளை நோட்டைத் திறப்பதற்கு ஒரு அத்தியாயம் முன்னாலாவது, மேஸ்திரியின் பிடி முழு பலத்தோடு இருக்கும்போதே, குமரேசன் மாஜிஸ்திரேட் கோர்ட் படியேற வேண்டும். செல்விக்குச் சொல்லிவிட்டுப் போகிறானா, சொல்லாமல் போகிறானா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். நான் எழுதினால் சொல்லிவிட்டுத்தான் போவான், அவள் சரி என்று சொல்ல மாட்டாள்.